அந்த மேட்டில் மரம் நட வேண்டாம்

மரம் நடுவதற்கு எதிராக ஒரு வார்த்தை சொல்வது நம் ஊரில் எவ்வளவு கஷ்டம் என்பது போன ஆண்டு ஆடி மாதத்திலிருந்துதான் எனக்கு முழுசாகத் தெரிகிறது. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது பேச்சு வருகிறது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வருகிறது. கையில் கன்றோடு வெயிலில் நிற்கும் பிள்ளைகளின் படம் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறது, எல்லாரும் வாழ்த்துகிறார்கள். நான் மட்டும் "அந்த இடத்துல வேண்டாங்க" என்கிறேன். "ஏனுங்க, மரமே வேண்டாங்கறீங்களா?" என்று அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. மரம் வேண்டும். அந்த மேட்டில் வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பந்தி முடிவதற்குள் விளக்க முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மேடு இருப்பது பவானிசாகர் அணையின் நீர்ப்பிடிப்பில், தென்கரையில், சிறுமுகைப் பக்கம். இதற்குமேல் இடம் சொல்லமாட்டேன். தரையில் முட்டையிடுகிற பறவைகள் இருக்கிற இடத்தை ஊரறியப் போடக்கூடாது என்பதில் நான் கறார். ஞாயிற்றுக்கிழமை விடியலில் சில பேர் சேர்ந்து அங்கே நடக்கிறோம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர், நான், எப்போதாவது என்னோடு கல்லூரியில் படித்த நண்பர். வடகரையில் இருப்பது வனத்துறைக் காடு, அனுமதி இல்லாமல் அங்கே யாரும் கால் வைக்கக்கூடாது. நாங்கள் நடப்பது ஊர்க்காரர்கள் ஆடு ஓட்டிப்போகிற தடத்தில். அதிலும் சூடு ஆறாத யானைச் சாணி கண்ணில் பட்டால் அன்றைய நடை அங்கேயே முடிந்தது. கோடையில் தண்ணீருக்காக யானைகள் இந்தப் பக்கமும் இறங்கும். அவற்றுக்கு வழிவிட்டுத் திரும்புவதில் எங்களுக்குள் வாக்குவாதமே வந்ததில்லை.

அணை 105 அடிக்கு நிரம்பினால் நாங்கள் நடக்கிற தடத்தில் பாதி தண்ணீருக்குள் போய்விடும். லிங்காபுரத்துக்கும் காந்தவயலுக்கும் நடுவில் இருந்த பாலம் மூழ்கி, சனங்கள் பரிசலில் போய்வந்த மாதங்கள் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் நினைவிருக்கும். தண்ணீர் வடிய வடிய அதே நிலம் வெடித்த வண்டலாகி, அப்புறம் புல்லாகி, மாடு மேயும். இன்னும் வடிந்தால் உள்ளே டணாய்க்கன் கோட்டைக் கோயில் தலைகாட்டும், அதைப் பார்க்கக் கூட்டம் போகும். 1955-ல் அணை கட்டி முடித்ததிலிருந்து இந்தக் கரை ஓரிடத்தில் நின்றதே இல்லை, ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கிறது. அதற்கு மேலே, தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கிறது நான் சொல்கிற மேடு.

பள்ளத்து மரமும் மேட்டு முள்ளும்

எங்கள் தடத்தில் முதலில் வருவது ஒரு பள்ளம். எங்கள் ஊர்ப்பக்கம் ஓடையைப் பள்ளம் என்றுதான் சொல்வோம். கார்த்திகை வரை அதில் தண்ணீர் கசியும். இரண்டு கரையிலும் நீர்மருது, புங்கன், நாவல் என்று நல்ல நிழல். பங்குனி வெயிலில்கூட அங்கே ஈரவாடை இருக்கும். ஐப்பசிக்கு மேல் போனால் சருகுக்குள் ஆறுமணிக்குருவி கிளறிக்கொண்டிருக்கும். வெள்ளை ரிப்பன் வாலோடு அரசவால் ஈப்பிடிப்பான் கிளைக்குக் கிளை தாவும். மாங்குயில், மாம்பழச்சிட்டு, பொன்முதுகு மரங்கொத்தி எல்லாம் அங்கேதான். புதிதாக வருகிறவர்கள் கேமராவோடு பள்ளத்திலேயே நின்றுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவ்வளவு அழகு.

பள்ளத்தைத் தாண்டி ஏறினால் மேடு. ஒரு சாண் செம்மண், அதற்கடியில் சுக்கான் கல். கடப்பாரை போட்டால் கணீரென்று சத்தம்தான் வரும், இறங்காது. வெள்வேல் மரங்கள் தூரதூரமாக நிற்கும். நடுவில் உசிலை, கிளுவை, இலந்தை, சூரைமுள், ஆவாரை. அவற்றுக்கு இடையில் கொழுக்கட்டைப் புல்லும் வெறும் சரளைத் தரையும் மாறி மாறி வரும். வெயிலில் பார்த்தால் ஒன்றுமே இல்லாத இடம் மாதிரி இருக்கும். எங்களோடு வந்தவர்களே இந்த இடத்தை வேகமாகக் கடந்து, அந்தப் பக்கம் தண்ணீரில் நிற்கும் சங்குவளை நாரைகளையும் ஆற்று ஆலாக்களையும் பார்க்க ஓடுவார்கள்.

எனக்கு மேடுதான் பிடித்த இடம். சாம்பல்தலை வானம்பாடி ஆண் சரளையிலிருந்து கிளம்பி மேலே மேலே ஏறி, இறக்கையை மடக்கிக்கொண்டு சீழ்க்கையடித்தபடி விழும். தரைக்குச் சற்று மேலே வந்ததும் சட்டென்று நிமிர்ந்து மறுபடி ஏறும். இதை அது ஒருபொழுது முழுக்கச் செய்யும். கௌதாரி இரண்டு தடத்தைக் குறுக்கே ஓடிக் கடந்து ஆவாரைக்குள் நுழையும், பறக்க மனசே வராது அதற்கு. ஒருமுறை இலந்தை முள்ளில் ஒரு வெட்டுக்கிளி குத்திக் கிடந்தது. தலை முள்ளில் ஏறியிருந்தது, பின்னங்கால் ஒன்று இன்னும் லேசாக இழுத்துக்கொண்டிருந்தது. தபால்காரர் வாயில் விரல் வைத்து எங்களை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் கருஞ்சிவப்பு முதுகுக் கீச்சான் வந்து, அந்தக் காலைப் பிடித்து இழுத்துக் கிழித்துத் தின்றது. இலந்தையின் முள் அதற்குக் கத்தியும் ஆகிறது, அலமாரியும் ஆகிறது. பள்ளத்து நிழலில் அந்தப் பறவையை நான் பார்த்ததே இல்லை.

இவ்வளவையும் சொல்லக் காரணம், அங்கே ஏற்கெனவே ஒரு ஏற்பாடு இருக்கிறது. தண்ணீர் கசிகிற இடத்தில் மரம் தானே வந்திருக்கிறது. கல் மேட்டில் புல்லும் முள்ளும் தானே வந்திருக்கின்றன. பள்ளத்துக்கும் மேட்டுக்கும் நடுவில் ஐந்து நிமிஷ நடைதான். நாவல் விதையை மேட்டில் போட எத்தனையோ குயிலும் கொண்டைக்குருவியும் எத்தனையோ காலமாக இருக்கின்றன. போட்டும் இருக்கும். மேட்டில் நாவல் நிற்கவில்லை.

குழிகள்

போன ஆண்டு ஆடியில் ஒரு தன்னார்வக் குழு அங்கே வந்தது. பெயர் வேண்டாம். நல்ல மனிதர்கள், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு மண்வெட்டி பிடிக்க வருகிறவர்கள். என் நண்பரும் அதில் ஒருவர். முதலில் ஜேசிபி வந்து மேட்டின் கீழ்ப்பாதியில் இருந்த இலந்தையையும் சூரையையும் வழித்து ஓரமாகக் குவித்தது. அப்புறம் கயிறு பிடித்து வரிசை வரிசையாகக் குழி. சுக்கான் கல்லை உடைக்க இயந்திரம்தான் வேண்டியிருந்தது. வேம்பு, புங்கன், நாவல், மகாகனி என்று கலந்து நட்டார்கள். தண்ணீருக்கு டேங்கர். சுற்றிலும் கம்பிவேலி.

நண்பரிடம் அன்றைக்கே கேட்டேன். அவர் கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். "வருசா வருசம் வெயில் கூடுது. ரோட்டுல இருந்த புளியமரமெல்லாம் போயிருச்சு. இடம் குடுங்கன்னு ஊர் ஊராப் போய்க் கேட்டுட்டோம், ஒருத்தரும் குடுக்கல. இங்க இவ்வளவு இடம் சும்மா கெடக்குது. இதுல நட்டா யாருக்கு என்ன நஷ்டம், சொல்லு?" நான் வானம்பாடி, கீச்சான், கௌதாரி என்று பெயர்களைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுகளுக்கு றெக்கை இருக்குதில்ல, பக்கத்து மேட்டுக்குப் போயிக்கும்" என்றார்.

யாருக்கு என்ன நஷ்டம் என்ற அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. நியாயமான கேள்வி அது. கோபத்தில் பதில் சொல்லக்கூடாத கேள்வியும்கூட. பறவைகளின் பட்டியலை நீட்டினால் அது எனக்குப் பிடித்தவற்றின் பட்டியலாகத்தான் அவருக்குக் கேட்கும். நஷ்டம் என்றால் யாருடைய நஷ்டம், எப்படி வருகிற நஷ்டம் என்று கையைக் காட்டிச் சொல்ல வேண்டும். பல மாதம் அதை மனசில் வைத்துக்கொண்டே நடந்தேன்.

சித்திரை வெயில்

இந்தச் சித்திரையில் இரண்டாம் கட்ட நடவுக்கு மேட்டின் மேல்பாதியை அளந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, பார்ப்பதற்காகத் தனியாகப் போனேன். வழக்கமாக எட்டு, எட்டரைக்கெல்லாம் நாங்கள் கிளம்பிவிடுவோம். அன்று போய்ச் சேரவே பத்து மணி. குழி வரவேண்டிய இடங்களில் சுண்ணாம்புப் பொடியால் புள்ளி வைத்திருந்தார்கள். வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக வெள்வேல் வரைக்கும் போயின. நான் அவற்றை ஒட்டியே நடந்தபோது பின்னாலிருந்து ஒரு சத்தம்: "அம்மணி, காலப் பாத்து வைங்க. ஆக்காட்டி அடகாக்குது."

வெள்வேல் நிழலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார் ஆட்டுக்காரர் ஒருவர். எழுபதுக்கு மேல் இருக்கும். தடத்தில் அடிக்கடி பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. "எங்கீங்க அப்பாரு?" என்றேன். கொரட்டுக்கோலை நீட்டிக் காட்டினார். ஒன்றும் தெரியவில்லை. அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து பைனாகுலரில் துழாவினேன். அப்போதும் தெரியவில்லை. "அந்தச் சுண்ணாம்புக்கும் இந்தச் சுண்ணாம்புக்கும் நடுமத்தியில பாருங்க" என்றார்.

அப்புறம்தான் கண்ணுக்கு வந்தது. மஞ்சள்மூக்கு ஆட்காட்டி. கறுப்புத் தொப்பி, அதைச் சுற்றி வெள்ளைக் கோடு, கண்ணுக்கு முன்னால் தொங்கும் மஞ்சள் சதை. உட்கார்ந்திருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தது. வெயிலுக்கு முதுகைக் காட்டி, இறக்கைகளைக் கொஞ்சம் தளர்த்தி விட்டு, வாயைத் திறந்து இளைத்துக்கொண்டிருந்தது. அதன் நிழல் விழுந்த இடத்தில் நான்கு முட்டைகள். சரளையின் நிறத்திலேயே, கருந்தீற்றல்களோடு. சுற்றிலும் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய கற்கள். கூடு என்று சொல்ல அதற்குமேல் ஒன்றும் இல்லை. தரையில் கைவைத்துப் பார்த்தேன், வைத்திருக்க முடியவில்லை. அந்தச் சூட்டில் முட்டையின் மேல் உட்கார்ந்தாலும் ஆபத்து, விட்டுவிட்டுப் போனாலும் ஆபத்து. நின்று நிழல் கொடுப்பது ஒன்றுதான் வழி.

கொஞ்ச நேரத்தில் கீழே தண்ணீர்ப் பக்கத்திலிருந்து அதன் ஜோடி வந்தது. நேராக முட்டைக்கு வரவில்லை. தள்ளி இறங்கி, நின்று பார்த்து, ஓடி, மறுபடி நின்று, இப்படிச் சுற்றிச் சுற்றித்தான் வந்தது. அருகில் வந்தபோது வயிற்றைப் பார்த்தேன். வெள்ளை இறகுகள் நனைந்து திரிதிரியாக ஒட்டிக்கொண்டிருந்தன, ஒரு திரியின் நுனியில் சொட்டு ஒன்று நின்றது. நின்றிருந்தது விலகிக்கொள்ள, வந்தது கால்களை மடக்கி, ஈர வயிற்றை முட்டைகளின் மேல் வைத்து, இரண்டு பக்கமும் அசைத்து அசைத்து உட்கார்ந்தது. விலகியது நேராகத் தண்ணீரை நோக்கிப் பறந்தது. "வவுத்துல தண்ணி மோந்துட்டு வருதுங்க. வெயில் ஏற ஏற இதே வேலைதான்" என்றார் அப்பாரு. இதை அவர் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறாராம். ஆட்காட்டிகள் இறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும் என்று நான் படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் நண்பருடைய கேள்விக்குப் பதில் கிடைத்தது. அந்தப் பறவை ஏன் பள்ளத்து நிழலுக்குப் போகவில்லை? ஐந்து நிமிஷ நடையில் குளிர்ச்சி இருக்கிறது. ஆனால் நிழல் இருக்கிற இடத்தில் கிளை இருக்கிறது, கிளை இருக்கிற இடத்தில் காக்கை உட்கார்ந்து பார்க்கிறது. தரையில் முட்டையிடுகிற பறவைக்கு இரண்டே காவல்தான்: கல்லோடு கல்லாகத் தெரியும் முட்டையின் நிறம், கீரியோ நாயோ எந்தத் திசையில் வந்தாலும் தூரத்திலேயே கண்ணில் படுகிற வெட்டவெளி. அந்தக் காவலுக்காகத்தான் இவ்வளவு வெயிலையும் தாங்குகிறது. அதைத் தாங்க முடிவதற்குக் காரணம் பறந்து போய்வரும் தூரத்தில் தண்ணீர் இருப்பது. ஆக, அதற்கு வேண்டியது நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் மரமில்லாத ஒரு சரளை மேடு. அங்கே வரிசையாக வேம்பு வளர்ந்தால் காக்கைக்கு இருக்கை கிடைக்கும், தரையில் சருகு விழும், முட்டை சருகின் மேல் பளிச்சென்று தெரியும். அந்தப் பறவைக்கு அதன்பின் அந்த இடம் இல்லை. பக்கத்து மேட்டுக்குப் போகலாம் என்றால், பக்கத்து மேட்டில் ஏற்கெனவே ஒரு ஜோடி இருக்கிறது. அதையும் யாரோ அளந்துகொண்டிருக்கிறார்கள்.

அப்பாருவிடம் சுண்ணாம்புப் புள்ளிகளைப் பற்றிக் கேட்டேன். "நடட்டுங்க, நல்லதுதான். ஆனா கம்பி போட்டுட்டா ஆடு எங்கீங்க போவும்? கீழ போட்டாங்க, நான் மேல வந்தேன். மேலயும் போட்டா?" என்றார். நஷ்டம் யாருக்கு என்பதற்கு இரண்டாவது பதில் அது. குழுவில் யாரும் அவரைக் கேட்கவில்லை.

கணக்கில் வராத நிலம்

இது எங்கள் மேட்டோடு முடிகிற கதை இல்லை. மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பில் புதர் அடர்ந்த நிலம், புதர் குறைந்த நிலம் என்று இரண்டுமே தரிசு வகைகளாகத்தான் வருகின்றன. மறுபக்கம் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-ல் தொடங்கியபோது, மாநிலத்தின் காடும் மரமுமான பரப்பைப் பத்து ஆண்டுகளில் 33 விழுக்காடாக உயர்த்துவது என்று இலக்கு வைத்தார்கள். இலக்கில் தப்பில்லை. ஆனால் வயலில் நட முடியாது, வீட்டுமனையில் நட முடியாது, சாலையோரத்தில் மின்கம்பி போகிறது. கடைசியில் எல்லார் கண்ணும் போய் நிற்பது முள்ளுக்காட்டில்தான். கேட்க ஆள் இல்லாத இடம் அது. 2023-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 942 வகைகளை எடுத்துப் பார்த்து, அவற்றில் 178 வகைகளுக்கு உடனடிக் கவனம் வேண்டும் என்றது. புல்வெளியும் வெட்டவெளியும் நம்பி வாழ்கிற பறவைகள் வேகமாகக் குறைந்துவருவதையும் அது அழுத்திச் சொன்னது. கம்பியில் உட்கார்ந்திருக்கும் நம் பனங்காடைகூடக் குறைந்துவருகிறவற்றில் ஒன்று.

முள்ளுக்காட்டின் மதிப்பு தெரிய வேண்டுமென்றால் கலிவிக்கோடியின் கதையைச் சொல்லவேண்டும். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டானின் பெயரால் உலகம் அறிந்த பறவை அது. இரவில் நடமாடும், பகலில் புதருக்கடியில் ஒடுங்கிக் கிடக்கும். 1900-க்குப் பிறகு ஒருவர் கண்ணிலும் படாததால் அழிந்துவிட்டது என்றே முடிவு கட்டியிருந்தார்கள். 1986-ல் கடப்பை மாவட்டத்து முள்ளுக்காட்டில் திரும்பவும் கிடைத்தது. தேடிப் போன பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாருக்கு அதைக் கண்டுபிடிக்க உதவியது, காட்டைத் தெரிந்த உள்ளூர்க்காரர்கள்தான். அந்தக் காட்டின் வழியாகத்தான் 2005-ல் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் ஒன்றை வெட்டத் தொடங்கினார்கள். சென்னைக்குக் கிருஷ்ணா நீர் தருகிற அதே திட்டம். எதிர்ப்பு எழுந்து, கால்வாயின் பாதை மாற்றப்பட்டது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு பறவை, தரிசு என்று எல்லாரும் நினைத்த இடத்தில், முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவில் இருந்த வெறுந்தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். சீமைக்கருவேலத்துக்கு நான் வக்கீல் இல்லை. நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் அது மண்டியிருக்கிற இடங்களில் ஆடுகூட நுழைய முடியாது, வானம்பாடியும் இருக்காது. அதை வேரோடு எடுக்க ஜேசிபி வந்தால் நானே வழிகாட்டப் போவேன். ஆனால் ஜேசிபி ஓட்டுபவருக்கு முள் எல்லாம் ஒன்றுதான். சீமைக்கருவேலும் இலந்தையும் வெள்வேலும் ஒரே வாளியில் போகின்றன. எடுக்கிற இடத்தில் கூட ஒரு ஆள் நின்று, இது இருக்கட்டும், இது போகட்டும் என்று சொல்லவேண்டும். ஆட்டுக்காரர்களைக் கேட்டால் ஒரு செடி விடாமல் சொல்வார்கள்.

நம் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. காங்கயம் பக்கம் கொறங்காடு வைத்திருக்கிற குடியானவர்கள் என்ன செய்கிறார்கள்? கிளுவையில் வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல். மழை குறைந்த மண்ணில் மாடு வளர்க்க இதுதான் வழி என்று பாடுபட்டு வைத்திருக்கிறார்கள். அதை யாரும் வீண் நிலம் என்று சொல்லிவிட முடியாது, சண்டைக்கு வருவார்கள். எங்கள் மேடும் கிட்டத்தட்ட அதே அமைப்புதான். சொந்தக்காரர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"சரி, எங்க நடறது?"

சித்திரைக் கடைசியில் மறுபடி போனேன். கூடு இருந்த இடத்தில் முட்டை இல்லை. ஆனால் நான் நெருங்கியதும் இரண்டு ஆட்காட்டியும் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தின. குஞ்சுகள் பக்கத்தில் எங்கோ தரையோடு தரையாகப் படுத்திருக்கின்றன என்று அர்த்தம். பொரிந்த கொஞ்ச நேரத்திலேயே அவை நடக்கத் தொடங்கிவிடும், தாய் கத்தினால் அசையாமல் படுத்துவிடும். எங்கே கால் வைத்தாலும் ஆபத்து என்பதால் வந்த வழியே திரும்பினேன்.

அடுத்த வாரம் நண்பரைச் சாயங்காலம் கூட்டிக்கொண்டு போனேன். எதுவும் வாதாடவில்லை. கூடு இருந்த இடத்துக்குப் போகாமல், தள்ளி அப்பாருவோடு வெள்வேலடியில் உட்காரவைத்தேன். அப்பாரு ஆட்காட்டியின் கதையை அவருக்கும் சொன்னார், தன் ஆட்டின் கதையையும் சொன்னார். இருட்டத் தொடங்கியதும் சரளையிலிருந்து பக்கி என்கிற இராப்பறவை கூப்பிட ஆரம்பித்தது. தரையில் விழுந்த காசு துள்ளித் துள்ளி அடங்குகிற மாதிரி இருக்கும் அதன் குரல். நண்பர் எவ்வளவோ நாள் இதைக் கேட்டிருக்கிறார், ஏதோ பூச்சி என்று நினைத்திருந்தாராம். அதுவும் தரையில்தான் முட்டையிடும், கூடென்று எதுவும் வைக்காது என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "சரி, அப்ப எங்க நடறது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வெறுமனே வேண்டாம் என்று நிற்க எனக்கு உரிமை இல்லை. அன்று இரவு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இடம் இடமாகப் பேசினோம். சாலையை அகலமாக்கி மரம் வெட்டிய இடங்கள் முதலில். புளியமரங்கள் நின்ற மண் அது, அங்கே நட்டால் நிற்கும், மதியம் பஸ்சுக்கு நிற்கிறவர்களுக்கு நிழலும் ஆகும். அடுத்தது பள்ளத்தின் கரை. சீமைக்கருவேலம் பிடித்த கரையைச் சுத்தம் செய்து நீர்மருதும் புங்கனும் வைத்தால் டேங்கர் வேண்டாம். பள்ளிக்கூட மைதானத்தின் ஓரம், ஊர்க்கிணற்றடி, கோயில் நிலம். இந்த இடங்களில் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டு அலையவேண்டும், மேடு மாதிரி ஒரே நாளில் நட்டு முடிக்க முடியாது. அந்தச் சிரமம் எனக்கும் தெரியும். அனுமதிக்கு அலைகிற வேலையில் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன், எடுத்துக்கொண்டுமிருக்கிறேன்.

கீழ்ப்பாதியில் போன ஆண்டு நட்டவற்றில், பள்ளத்தை ஒட்டிய வரிசைகள் நன்றாக வந்திருக்கின்றன. மேலே போகப் போகக் கன்றுகள் குச்சியாகிவிட்டன. வந்தவற்றைப் பிடுங்கச் சொல்லமாட்டேன், இருக்கட்டும். காய்ந்த குழிகளில் திரும்ப நடாமல் விட்டு, வேலியைக் கீழே இறக்கினால் போதும். புல் தானே ஏறும். குழுவுக்குள் இதைப் பற்றி இரண்டு கருத்து இருக்கிறது. இரண்டாம் கட்டக் கன்றுகளில் ஒரு பகுதி இந்த ஆடியில் சாலையோரத்துக்குப் போய்விட்டது. மீதி நாற்றங்காலில் இருக்கிறது. கன்றுக்குப் பணம் கொடுத்தவர்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால்தான் பராமரிக்க முடியும் என்கிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே இடமாக வேண்டுமென்றால் பள்ளத்தின் மேல்கரை இருக்கிறது, வந்து பாருங்கள் என்று கேட்டிருக்கிறோம்.

அக்டோபர் 2 கிராம சபையில், மேட்டின் மேல்பாதியை மேய்ச்சல் நிலமாகவே விட்டுவைக்கும்படி தீர்மானம் போட்டு, நிலத்துக்குப் பொறுப்பான துறைக்கு அனுப்பக் கேட்கப்போகிறோம். ஆட்டுக்காரர்கள் எல்லாரையும் கூட்டிவரும் பொறுப்பை அப்பாரு எடுத்துக்கொண்டிருக்கிறார். மனுவை எழுதுவது நண்பர். சர்வே எண்ணைச் சரிபார்க்க வருகிற திங்கட்கிழமை கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போகிறோம்.